8 மாதக் குழந்தையோடு லெகோலேண்ட் போகலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்கிறேன்

சிப்புட் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் இருக்கிறோம். மூத்தவனுக்கு 5 வயது, சின்னவளுக்கு அடுத்த வாரம் 8 மாதம் முடிகிறது. பாலர் பள்ளியில் மூத்தவனோடு படிக்கும் ஒரு பையன் ஜொகூரில் இருக்கும் லெகோலேண்ட் விளையாட்டுப் பூங்காவுக்குப் போய், அங்கே குட்டிக் கார் ஓட்டி, அதற்கு ஒரு லைசென்ஸ் வேறு வாங்கிக்கொண்டு வந்து வகுப்பில் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து இவனுக்கு வேறு பேச்சே இல்லை. தங்கச்சி பிறந்த பிறகு பையன் எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறான், "அம்மா பாப்பா தூங்கட்டும்" என்று தானே போய் டிவியை அடைத்துவிடுகிறான், அதைப் பார்க்கும்போதெல்லாம் இவனுக்கென்று ஒன்று செய்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை. அடுத்த பள்ளி விடுமுறையில் நான்கு நாள் லீவு கிடைக்கும் என்கிறார்.

என் கவலைகளைச் சொல்கிறேன். முதலாவது தூரம், இங்கிருந்து ஜொகூர் வரைக்கும் காரில் கைக்குழந்தையோடு. இரண்டாவது, சின்னவள் சேலைத் தொட்டிலில்தான் தூங்குவாள். வீட்டில் ஸ்பிரிங் மாட்டியிருக்கிறோம், அந்த ஆட்டம் இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து அழுகிறாள். ஹோட்டலில் தொட்டிலுக்கு எங்கே போவது? மூன்றாவது, தாய்ப்பாலும் கொடுக்கிறேன், பவுடர் பாலும் கொடுக்கிறேன், அந்த வெயிலில் பாலை எப்படி வைத்துக்கொள்வது? நான்காவது, மாமியார். கைக்குழந்தையைக் கூட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போவதா, கண்ணு பட்டுவிடும், காய்ச்சல் வந்துவிடும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்கும் தோன்றுகிறது, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

லெகோலேண்டா, கெந்திங் மலையா, இல்லை பேசாமல் ஈப்போ பக்கத்துத் தம்புன் பூங்காவோடு நிறுத்திக்கொள்வதா? போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

குளுவாங் அக்கா எழுதியது:

தங்கச்சி, நாங்கள் குளுவாங்கில் இருப்பதால் லெகோலேண்ட் எங்களுக்குப் பக்கம். என் சின்னவனுக்கு 10 மாதம் இருக்கும்போது ஒருமுறை, ஒன்றரை வயதில் ஒருமுறை போனோம். போகலாம், ஆனால் ஒன்றை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணம் உங்கள் மகனுக்காக. பாப்பாவுக்கு அங்கே ஒன்றும் வேண்டாம், அவளுக்கு வேண்டியது பால், தூக்கம், நிழல் மட்டும்தான். அதனால் ஒரு பெரியவர் முழுக்க முழுக்கப் பையனுக்கு, இன்னொருவர் முழுக்க முழுக்கப் பாப்பாவுக்கு என்று பிரித்துக்கொண்டு, மதியத்தில் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் முதல் தடவை நான்கு பேரும் ஒட்டிக்கொண்டே சுற்றினோம். மூத்தவள் வரிசையில் நிற்கும்போது சின்னவன் அழுவான், சின்னவனைத் தூங்க வைக்கும்போது மூத்தவள் இழுப்பாள், கடைசியில் இரண்டு பிள்ளைகளுக்கும் அன்றைக்குச் சரியாக அமையவில்லை. அன்று மாலை நானும் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அந்த லைசென்ஸ் விஷயம் ஜூனியர் டிரைவிங் ஸ்கூல், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு உள்ளது. 6 வயதிலிருந்து பெரிய பிள்ளைகளுடையது. வாசல் திறந்ததும் வேறு எங்கும் நிற்காமல் நேரே அங்கே போங்கள். பதினோரு மணிக்கு மேல் வரிசை வெயிலில் நீளும், ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். மற்ற ராட்டினங்களுக்கு உயரம் பார்ப்பார்கள், வீட்டிலேயே பையனை அளந்து, இணையத்தில் எதற்கு எவ்வளவு உயரம் என்று பார்த்து, எதில் ஏற முடியும், எதில் முடியாது என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். அளவுக் கம்பத்தின் முன்னால் வைத்து "இல்லை" என்று கேட்டால் பிள்ளை உடைந்துபோகும், என் மகளுக்கு அது நடந்தது.

3 வயதுக்குக் கீழே டிக்கெட் இல்லை, பாப்பாவின் மைகிட் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மற்றவர்களுக்கு முன்பே இணையத்தில் வாங்குங்கள், வாசலில் வாங்குவதைவிடக் குறையும், மலேசியர்களுக்கென்று தனி விலையும் வரும். ஜூன் மாதத்திலும், நவம்பர் டிசம்பரிலும் சிங்கப்பூர் பள்ளி விடுமுறை என்பதால் அங்கிருந்து கூட்டம் வந்துவிடும். வருஷக் கடைசியில் மழையும் சேர்ந்துகொள்ளும். நம் விடுமுறையும் அவர்கள் விடுமுறையும் ஒன்றாக விழாத நாளாகப் பாருங்கள்.

பூங்கா திறந்த வெளி, நிழல் கம்மி. ஸ்ட்ரோலரை வெயிலில் விட்டு இருபது நிமிடம் கழித்துத் திரும்பினால் பெல்ட்டின் கொக்கி கையில் சுடும், அதைத் தொட்டுப் பார்க்காமல் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். நாங்கள் இரண்டாவது தடவை செய்தது இதுதான்: காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை உள்ளே, பிறகு அறைக்குத் திரும்பிச் சாப்பாடு, குளியல், எல்லாருக்கும் தூக்கம், நான்கு மணிக்கு மறுபடி உள்ளே. இதற்கு அறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூரத்தில் மலிவாக அறை எடுத்தால் மதியத்தில் திரும்ப மனசு வராது, பிள்ளையை வெயிலிலேயே வைத்துக்கொண்டிருப்போம். சாப்பாட்டில் மிச்சம் பிடியுங்கள், அறையில் பிடிக்காதீர்கள்.

மதியத்தில் அறைக்குப் போக முடியாவிட்டால் பக்கத்திலேயே சீ லைஃப் இருக்கிறது, மீன் கண்காட்சி, ஏர்கோன். அதற்குத் தனிக் கட்டணம், ஆனால் என்னைக் கேட்டால் பாப்பாவுக்குப் பிடித்த ஒரே இடம் அதுதான். உள்ளே இருட்டு, நீல வெளிச்சம், சத்தம் கம்மி. என் சின்னவன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஒரு திருக்கை மேலே போவதையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். தண்ணீர்ப் பூங்காவுக்குப் போவதானால் நீச்சல் பேம்பர்ஸ் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், சாதாரண பேம்பர்ஸ் தண்ணீரில் ஊதிக் கிழிந்துவிடும். ஆனால் ஒரே ஒரு நாள்தான் என்றால் தண்ணீரை விட்டுவிடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

தாப்பா லோரிக்காரர் எழுதியது:

ரோட்டைப் பற்றி நான் சொல்கிறேன் தங்கச்சி, இருபது வருஷமாக வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஓடுகிறேன். உங்கள் ஊரிலிருந்து லெகோலேண்ட் சுமார் 550 கிலோமீட்டர். ஆள் மட்டும் போனால் ஆறு ஆறரை மணி நேரம். கைக்குழந்தையோடு அதே தூரம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாது. நான்கு நாளில் இரண்டு நாள் ரோட்டிலேயே போய்விடும், அதனால் ஒரு நாள் கூட லீவு கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் போகும்போதும் வரும்போதும் நடுவில் ஓர் இரவு தங்குங்கள். கோலாலம்பூரிலோ சிரம்பானிலோ சொந்தக்காரர் யாராவது இல்லாமலா இருப்பார்கள்.

வீட்டுக்காரர் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, குளித்துவிட்டு, அப்படியே காரை எடுக்கவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். விடியற்காலை நான்கு ஐந்து மணிக்குக் கண் திறந்திருக்கும், மூளை தூங்கிவிடும், எத்தனையோ பேரை அந்த நேரத்தில் ரோட்டோரத்தில் பார்த்துவிட்டேன். ஒரு முழு இரவு தூங்கிவிட்டு, காலை பசியாறியதும் கிளம்பட்டும்.

பாப்பாவுக்குக் கார் சீட் கட்டாயம். 2020 ஜனவரி 1-லிருந்து அது நம் நாட்டில் சட்டம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அம்மா மடியில் இருக்கும் பிள்ளையை ஒரு திடீர் பிரேக்கில் யாராலும் பிடித்து வைக்க முடியாது, எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் சரி. பின் சீட்டில், பின்பக்கம் பார்த்த மாதிரி வையுங்கள். அழுதால் காரை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள், ஓடும் காரில் வெளியே எடுத்துப் பால் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளையைச் சீட்டிலிருந்து எடுத்து முதுகை நிமிர்த்தி, கொஞ்சம் காலாற நடங்கள். தாப்பா, சிரம்பான், ஆயர் குரோ, பாகோ, மாச்சாப் என்று ஓய்விடங்கள் வரிசையாக இருக்கின்றன. அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள், விடுமுறையில் அடுத்தது நிரம்பி வழியும். விடுமுறை ஆரம்பிக்கும் வெள்ளி சாயங்காலம் மட்டும் வேண்டாம், கோலாலம்பூரைத் தாண்டுவதற்குள் பாப்பாவுக்கு இரண்டு வேளைப் பால் முடிந்துவிடும்.

ஈப்போக்காரன் எழுதியது:

எனக்கு வேறு கருத்து. தம்புன் உங்களுக்கு முப்பது கிலோமீட்டர் சுமார், காலையில் போய்ச் சாயங்காலம் சொந்தத் தொட்டிலுக்குத் திரும்பிவிடலாம். சுண்ணாம்பு மலைக்கு நடுவில் இருக்கிறது, புலி இருக்கிறது, ஆட்டுக்குத் தீனி கொடுக்கலாம், பிள்ளைகளுக்கு ஆழமில்லாத குளம் இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், பார்த்துவிட்டுப் போங்கள். வெந்நீர் ஊற்றுக்குளத்தில் மட்டும் பாப்பாவை இறக்க வேண்டாம், அந்தச் சூடு சின்ன உடம்புக்கு ஆகாது. திரும்பும் வழியில் பம்பளிமாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கெந்திங்கும் நல்லது. மேலே 1,800 மீட்டர் உயரம், வெயில் கொடுமை இல்லை, மழை வந்தால் கட்டடத்துக்குள்ளேயே ஸ்கைட்ரோபொலிஸ் விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. வெளியே உள்ள ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022-இல் திறந்தது, அதில் சிலவற்றுக்கு 5 வயதுப் பிள்ளைக்கு உயரம் பத்தாமல் போகலாம். மலை ஏறும்போதும் கேபிள் காரிலும் பாப்பாவுக்குக் காது அடைக்கும், அந்த நேரம் பார்த்துப் பால் கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகிவிடும். 550 கிலோமீட்டருக்கு இந்த இரண்டில் ஒன்று போதும் என்பது என் எண்ணம்.

குளுவாங் அக்கா எழுதியது:

தம்பி சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் பையன் கேட்டது லெகோலேண்ட், அந்தக் குட்டிக் கார். தம்புனைக் காட்டி இதுதான் அது என்று 5 வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாது. தம்புனை ஒரு ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் வெளியில் பாப்பா எப்படி இருக்கிறாள், எத்தனை பேம்பர்ஸ் போகிறது, எந்த நேரத்தில் சிணுங்குகிறாள் என்று தெரிந்துவிடும்.

தைப்பிங் தாதி எழுதியது:

குழந்தைகள் பிரிவில் வேலை செய்தவள் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன் மா. தேதி குறிப்பதற்கு முன்னால் பாப்பாவின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுங்கள். தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி நம் நாட்டில் முதல் தடவை 9 மாதத்தில் போடுகிறார்கள், அடுத்தது 12 மாதத்தில். தட்டம்மை கூட்டத்தில் வேகமாகப் பரவும். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து, 9 மாத ஊசி போட்டு, இரண்டு வாரம் கழித்துப் போனால் உங்களுக்கும் நிம்மதி, உங்கள் மாமியாருக்கும் நிம்மதி. அவர் காய்ச்சலுக்குப் பயப்படுவது வெறும் பயம் இல்லை, அதை அவரிடமே சொல்லுங்கள்.

வெயில். 6 மாதம் தாண்டியதால் சன்ஸ்கிரீன் போடலாம், முகம், கை, கால், காது மடல். ஆனால் முதலில் நிழல், தொப்பி, மெல்லிய பருத்திச் சட்டை, அப்புறம்தான் கிரீம். ஸ்ட்ரோலர் மேல் துண்டையோ போர்வையையோ மூடாதீர்கள், நிழல் என்று நினைத்து நிறையப் பேர் மூடுகிறார்கள், உள்ளே காற்று நின்று அடுப்பு மாதிரி ஆகிவிடும். பேம்பர்ஸ் வழக்கத்தைவிட நேரம் காய்ந்தே இருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, உச்சிக்குழி உள்வாங்கியிருந்தாலோ, எழுப்பினாலும் சோர்ந்தே கிடந்தாலோ, அப்போதே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். தாய்ப்பாலை வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், நடுநடுவே கொஞ்சம் ஆறிய வெந்நீரும் கொடுக்கலாம், இந்த வயதுக்குச் சரிதான்.

பவுடர் பாலைக் கலந்து எடுத்துப் போகாதீர்கள். பிளாஸ்கில் வெந்நீர் தனியாக, அளந்த பவுடர் சின்னச் சின்ன டப்பாவில் தனியாக. கலக்கிய பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பாப்பா வாய் வைத்துவிட்டால் ஒரு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டுங்கள். மனசு வராது, தெரியும், ஆனால் கொட்டுங்கள். பிழிந்த தாய்ப்பால் ஐஸ் கட்டி உறைந்தே இருக்கும் பையில் ஒரு நாள் வரை தாங்கும். கையையும் பொம்மையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கை கால் வாய் நோய்க்குக் கிருமிநாசினி ஜெல் மட்டும் போதாது.

தொட்டில் விஷயத்துக்கு வருகிறேன். மடக்கி எடுத்துப் போகிற இரும்புக் கால் தொட்டில் இப்போது கிடைக்கிறது, காரில் இடம் இருந்தால் அதுவே போகட்டும். குளியலறைக் கம்பியிலோ அலமாரிக் கம்பியிலோ தயவு செய்து சேலையைக் கட்டாதீர்கள், அது பிள்ளையின் எடைக்கும் ஆட்டத்துக்கும் செய்தது இல்லை. இல்லாவிட்டால் இப்போதிருந்தே மதியத் தூக்கத்தை மட்டும் பாயில் பழக்குங்கள், இரவுக்குத் தொட்டில் இருக்கட்டும். நீங்கள் கட்டிய பழைய சேலையை மெத்தையைச் சுற்றி இறுக்கிச் செருகிவிட்டால் உங்கள் வாசனை இருக்கும். தளர்வாகத் துணி கிடக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாகான் செராய் பாட்டி எழுதியது:

பேத்திதான் எனக்காகத் தட்டச்சு செய்கிறாள். மகளே, நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவள். விடியுமுன் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவேன், ஒரே கூரையின் கீழே வரிசையாகத் தொட்டில், ஆயா ஒருத்தி ஒரு காலால் ஒன்றை ஆட்டிக்கொண்டு கையால் இன்னொன்றை ஆட்டுவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தோட்டத்து மருத்துவ உதவியாளர், டிரஸர் என்போம், அவர் வரும்வரைக்கும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உன் மாமியாரும் அப்படி வளர்த்தவராக இருந்தால், அவருக்குக் கூட்டமும் காய்ச்சலும் என்றால் என்ன ஞாபகம் வரும் என்று யோசித்துப் பார். அவரை விட்டுவிட்டுப் போகாதே, கூட்டிக்கொண்டு போ. பிள்ளை பார்க்கும் ஆளாக வாசலில் உட்கார வைப்பதற்கு இல்லை. அந்த மீன் இருக்கும் இடத்துக்கு அவரையும் அழைத்துப் போ, பையன் கார் ஓட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பாப்பாவின் கன்னத்தில் அவர் கையாலேயே மை வைக்கச் சொல், அதில் உனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது.

போகிற வழியில் பத்துமலையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போங்கள், அந்த இரவு அங்கேயே பக்கத்தில் தங்கிக்கொள்ளலாம். 272 படி ஏற முழங்கால் விடாவிட்டால் கீழே முருகன் சிலைக்கு முன்னால் நின்று கும்பிட்டால் போதும். ஆனால் மொட்டை மட்டும் போகும்போது அடிக்காதீர்கள். புதிதாக மழித்த தலை அந்த வெயிலைத் தாங்காது. 11 மாதத்தில் அடித்துக்கொள்ளலாம்.

சிப்புட் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பாட்டி எழுதியதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் தன் மூத்த பையன், என் வீட்டுக்காரருக்கு மேலே பிறந்தவர், ஆயாக் கொட்டகையில் இருந்தபோது காய்ச்சல் வந்து தவறிப்போனதைச் சொன்னார். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் எனக்கு இது தெரியாது. இருவரும் சேர்ந்து அழுதுவிட்டோம். தானும் வருவதாகச் சொல்லிவிட்டார், பாப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், நான் பையனோடு காலையில் போக வேண்டும் என்றும் சொல்கிறார்.

இப்படி முடிவு செய்திருக்கிறோம், தப்பு இருந்தால் சொல்லுங்கள். 9 மாத ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் கழித்துத்தான் பயணம். அதற்கு முன்னால் ஒரு நாள் தம்புன், ஒத்திகையாக. வீட்டுக்காரர் இன்னொரு நாள் லீவு கேட்டுவிட்டார், மொத்தம் ஐந்து. முதல் நாள் பத்துமலை போய் அங்கேயே தங்குவது, இரண்டாம் நாள் ஜொகூர் சேர்ந்து ஓய்வு, மூன்றாம் நாள் லெகோலேண்ட், நான்காம் நாள் திரும்பும் வழியில் சிரம்பானில் நாத்தனார் வீடு, ஐந்தாம் நாள் ஊர். தண்ணீர்ப் பூங்கா வேண்டாம். கார் சீட் நாத்தனாரிடம் ஒன்று சும்மா இருக்கிறதாம், ஆனால் அது ஏழு வருஷத்துக்கு முந்தியது, அதை வாங்கிக்கொள்ளலாமா, புதிதாகவே வாங்க வேண்டுமா, லோரிக்கார அண்ணன் சொல்லுங்கள்.

பையனைச் சுவரில் நிற்க வைத்து அளந்தோம், 108 சென்டிமீட்டர். பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் அவனே தேதி எழுதியிருக்கிறான். இன்று மதியம் சின்னவளை என் பழைய சேலை செருகிய மெத்தையில் போட்டுப் பார்த்தேன், இருபது நிமிடம் தூங்கினாள்.

தாப்பா லோரிக்காரர் எழுதியது:

சீட்டின் அடியிலோ பின்னாலோ காலாவதித் தேதி அச்சடித்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தாலோ, ஒருமுறையாவது விபத்தில் சிக்கியிருந்தாலோ வேண்டாம், புதிது வாங்குங்கள். வாங்கியதும் கிளம்புகிற அன்று மாட்டாமல் ஒரு வாரம் முன்பே மாட்டி, பாப்பாவை வைத்து ஈப்போ வரை ஒரு தடவை போய் வாருங்கள்.